நிறுத்து: செழுமைப்படுத்தப்பட்டது

"கணினி நிரல்மொழி வளர்ச்சி மற்றும் மாற்றப் பதிவு வாரியம், தென்மண்டல அலுவலகம்" என்ற பெயரைச் சுவரில் எழுத வந்த பெயின்டர், கட்டடத்தின் முன்பக்கம் பத்தாமல் மீதியைப் பக்கவாட்டுச் சுவரில் திருப்பி எழுதிவிட்டுப் போனார். மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் "கணினி நிரல்மொழி வளர்ச்சி மற்றும்" என்று தெரியும். சந்துக்குள் நின்று பார்த்தால் "மாற்றப் பதிவு வாரியம்" என்று தெரியும். சங்கரன்கோவிலில் சந்துக்குள் நடக்கிறவர்கள்தான் அதிகம். அதனால் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்போது பட்டா மாற்றத்துக்கும், ரேஷன் கார்டில் முகவரி மாற்றத்துக்கும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் தன் மனைவியின் இனிஷியலை மாற்ற மூன்று தடவை வந்தார். வாரியம் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நிரல்மொழியில் ஆர்வம் கொண்டு நேரில் வந்த பொதுமக்கள்" என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

வாரியத்தின் உண்மையான வேலை வேறு. "வேங்கை" என்று ஒரு நிரல்மொழி உண்டு. கணினிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் தமிழிலேயே எழுதலாம். "கூட்டு" என்றால் கூட்டும், "காட்டு" என்றால் திரையில் காட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வரும். அப்போது சில சொற்கள் போய்விடும், சில சொற்கள் வேறு வேலை பார்க்க ஆரம்பிக்கும். என்னென்ன மாறியது என்று எழுதி வெளியிட்டால்தான், பழைய பதிப்பில் நிரல் எழுதி வைத்திருப்பவர்கள் தங்களுடையதைத் திருத்திக்கொள்ள முடியும். இதற்குப் பெயர் மாற்றக் குறிப்பு. அதை எழுதுவதற்கென்று ஒரு பதவி இருந்தது, அந்தப் பதவியில் பொன்செல்வி இருந்தாள். பதவிக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் "தற்காலிகம்" என்று நான்கு வருடமாக இருந்தது.

பொன்செல்விக்குக் குருவிகுளம் பக்கம் செவக்காட்டூர். வானம் பார்த்த பூமி. அந்த ஊர்க் குடிதண்ணீர் மோட்டாரை ஓட்டுகிறவள் முத்துத்தாய், பத்தாவது வரை படித்தவள், நாற்பது வயது. வாரியம் ஒரு தடவை நடத்திய பயிற்சி முகாமில் பொன்செல்வி பாடம் எடுத்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது முத்துத்தாய் ஒருத்திதான். முகாம் முடிந்த ஒரு மாதத்தில் மோட்டார் ரூமில் இருந்த சின்னக் கணினிப் பெட்டியில் பதினொரு வரி நிரல் எழுதிவிட்டாள். ஒன்பதாவது வரி: "தொட்டி நிறைந்தால் நிறுத்து." அன்றிலிருந்து மோட்டாரைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் களை எடுக்கப் போக அவளால் முடிந்தது. வேங்கை மொழியால் உலகத்தில் யாருக்காவது உபகாரம் நடந்தது என்றால் அது இதுதான் என்று பொன்செல்வி நம்பினாள். வாரியத்துக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் மோட்டார் ரூமில் கல்வெட்டு வைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் முத்துத்தாய் மாற்றக் குறிப்பைப் போனில் இறக்கி, விரலை வைத்து வரி வரியாகப் படிப்பாள். "நீ எழுதுனா எனக்கு வெளங்குதுட்டி. மத்தவனுவ எழுதுனா கோர்ட்டு நோட்டீஸ் வந்த மாதிரி பயமா இருக்கு" என்பாள். நான்கு வருடத்தில் பொன்செல்விக்குக் கிடைத்த பாராட்டு இது ஒன்றே.

அலுவலகத்தில் கிடைத்தது பாராட்டு இல்லை, பாடம். சேர்ந்த அன்றே மண்டல இயக்குநர் சங்கரசுப்பு கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இங்க பாரும்மா, நாம மாற்றத்தப் பதியுத வாரியம்தான். ஆனா மாற்றம்னு எழுதிட்டம்னா, முன்னால இருந்தது தப்புன்னு ஆயிரும். முன்னால இருந்ததுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? நான். அதனால மாற்றம்ங்கிற வார்த்தை போர்டுல மட்டும் இருக்கட்டும், பேப்பர்ல வேண்டாம்." அப்படியே மொழியில் உள்ள வழுவுக்குக் "கூடுதல் இயல்பு" என்று எழுத வேண்டும். ஒரு சொல்லை நீக்கினால் "பணி ஓய்வு" என்று எழுத வேண்டும்.

பணி ஓய்வு என்றால் சும்மா எழுதிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சென்ற பதிப்பில் "பிழை" என்ற சொல் பயனாளர் மனத்தைப் புண்படுத்துகிறது என்று அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். "பிழை" என்று பெரிதாக எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலியில் சாய்த்து வைத்து, அதற்குச் சால்வை போர்த்தி, ரோஜாப்பூ மாலை சாத்தினார்கள். "இந்தச் சொல் நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை" என்று சங்கரசுப்பு உருகிப் பேசினார். லட்டும் காராச்சேவும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேங்கையில் எது தப்பாகப் போனாலும் கணினி வாயைத் திறப்பதில்லை. இந்த விவரத்தையும் பொன்செல்வி எழுதினாள். அந்தக் குறிப்பில் விழாவின் புகைப்படம் மட்டும் வெளிவந்தது, சட்டத்துக்குப் பக்கத்தில் சங்கரசுப்பு நின்றார்.

வேங்கை 4 வரப்போகிறது என்றதும் சென்னையிலிருந்து சொல்லாய்வுக் குழு கள ஆய்வுக்கு வந்தது. பதினொரு பேர். அவர்கள் கள ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த நாள் சங்கரன்கோவிலின் ஆடித் தபசுத் திருவிழா. இது தற்செயலானது என்று பயணத் திட்டத்தில் அடிக்குறிப்பே போட்டிருந்தார்கள். தபசுக் காட்சியை முன்வரிசையில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை பூ மார்க்கெட்டுக்குப் போனார்கள், மக்கள் மொழியை மக்கள் வாயாலேயே கேட்பதற்காக. பொன்செல்வி நோட்டும் பேனாவுமாகப் பின்னால் நடந்தாள்.

மார்க்கெட்டில் கோமதியம்மாள் என்ற வியாபாரி பிச்சிப்பூவை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் வழியை அடைத்து நின்றதில் அந்த அம்மாளுக்கு எரிச்சல். "எய்யா, நிறுத்துத் தாரதுக்குள்ள என்ன அவசரம்? அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று சத்தம் போட்டார்.

குழுத் தலைவர் மெய்ம்மறந்து நின்றுவிட்டார். "கேட்டீர்களா? நிறுத்து! மக்கள் நாவில் நிறுத்து என்றால் எடை போடுதல். நாமோ இத்தனை ஆண்டுகளாக ஓடுகிற ஒன்றைத் தடுப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தி மக்களை அவமதித்து வந்திருக்கிறோம்."

பொன்செல்வி பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவள். அந்த அலுவலகத்தில் அது ஒரு குறைபாடு. "ஐயா, எடை போடச் சொல்லுததுக்கு 'நிறு'ன்னுதான் வரும். அந்தம்மா சொன்னது வினையெச்சம். பஸ்ஸ நிறுத்துன்னு சொல்லுதோம்லா, அதுதான் ஏவல். ரெண்டும் வேற வேற."

தலைவர் அவளைக் கருணையோடு பார்த்தார். "எச்சத்தையும் மதிக்கிற மொழி, அம்மா, நம் மொழி."

பத்துப் பேர் கைதட்டினார்கள். "பூ வாங்க வந்தியளா, கூட்டம் போட வந்தியளா?" என்று கோமதியம்மாள் கேட்டது, நடவடிக்கைக் குறிப்பில் "பொதுமக்கள் ஆர்வத்துடன் வினா எழுப்பினர்" என்று ஏறியது. அன்று மத்தியானம் லாட்ஜில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு நடுவில் தீர்மானம் நிறைவேறியது. வேங்கை 4 முதல் "நிறுத்து" எடையைக் காட்டும். ஓடுகிற ஒன்றை நிறுத்த வேண்டுமானால் "அமைதிகொள்" என்று எழுத வேண்டும்.

பொன்செல்வி அலுவலகக் கணினியில் சோதனைப் பதிப்பைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். அதில் தராசு எதுவும் இணைத்திருக்கவில்லை. "நிறுத்து" என்ற வரி வந்ததும் "எடை: 0 கிலோ" என்று காட்டியது. காட்டிவிட்டு நிரல் அதன் பாட்டுக்கு ஓடியது. மறுபடி "எடை: 0 கிலோ." மறுபடியும் ஓடியது. பிழை என்று சொல்வதற்கு அந்தச் சொல் பணியில் இல்லை. அவளுக்கு முத்துத்தாயின் ஒன்பதாவது வரி ஞாபகம் வந்தது. நேராகச் சங்கரசுப்புவிடம் போனாள்.

"பூஜ்யம்னு காட்டுதா?" என்று கேட்டார் அவர்.

"ஆமா சார். ஆனா நிக்க மாட்டேங்குது."

"ஒண்ணுமில்லாத எடத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லுது. எவ்வளவு நேர்மையான மொழி பாரு. இதக் குறிப்புல சேரு."

அவள் கண் கலங்கி வெளியே வந்தபோது கண்காணிப்பாளர் காசிராஜன் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அந்த அலுவலகத்தில் அவள் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவது அவர் ஒருவரைத்தான். வருடா வருடம் அவள் வேலை நீட்டிப்புக் கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடப்பவர் அவர். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் அவளுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் தனியாக வரும். நான்கு வருடமாக அவளை அந்தக் கட்டடத்தில் நிற்க வைத்ததே அவர்தான் என்று அவள் அம்மாவே சொல்வாள்.

"என்ன மக்கா?" என்றார். அவள் சொன்னாள். முத்துத்தாய், மோட்டார், ஒன்பதாவது வரி, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீ எழுது. உள்ளத உள்ளபடி எழுது. ஒரு எழுத்து கொறையாம அச்சுக்குப் போவும். நான் இருக்கேன்லா."

"முத்துத்தாய் அக்காட்ட இப்பமே ஒரு வார்த்த சொல்லிரட்டுமா அண்ணாச்சி?"

"அய்யோ, வேண்டாம். வெளியீட்டுக்கு முன்னால வெளிய யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு விதி இருக்கு. தெரிஞ்சா அன்னைக்கே வேலை போயிரும். எப்படியும் குறிப்புல வரத்தான போவுது, அப்பம் பாத்துக்கிடுவா."

அவள் உட்கார்ந்து எழுதினாள். "நிறுத்து: வேங்கை 3 வரை இந்தச் சொல் ஓட்டத்தை நிறுத்தியது. வேங்கை 4 முதல் எடையை மட்டும் காட்டும், எதையும் நிறுத்தாது. எச்சரிக்கை: மோட்டார் போன்றவற்றை இயக்கும் பழைய நிரல்களில் 'நிறுத்து' வரும் இடங்களில் எல்லாம் 'அமைதிகொள்' என்று மாற்றவும்." காசிராஜன் படித்துவிட்டு "முத்து முத்தா எழுதியிருக்க" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "கடைசிப் பக்கத்துக்குக் கையெழுத்த இப்பமே போட்டுரு. அச்சுக்குப் போற அன்னைக்கு ஒன்னத் தேடி ஓட முடியாது" என்றார். நம்புகிறவர்கள் செய்கிற மாதிரி அவளும் அந்தத் தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு ஏழு மேசை ஏறி இறங்கியது. மொழிநடை அலுவலர், "நிறுத்தாது" என்பது எதிர்மறை வினை, வாரியம் எதிர்மறையில் பேசுவதில்லை என்று அந்த வாக்கியத்தை எடுத்தார். சட்ட ஆலோசகர் "எச்சரிக்கை"யைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "எச்சரிக்கை என்று போட்டால் ஆபத்து இருப்பது நமக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு!" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார். "மோட்டார்" பிறமொழிச் சொல் என்று இன்னொருவர் அடித்தார். "மாற்றவும்" என்று பயனாளருக்கு ஆணையிட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு மேசை கருதியது. ஒரு மேசைக்காரர் மருத்துவ விடுப்பில் இருந்தார். அங்கே கோப்பின் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம் மட்டும் விழுந்தது, ஒரு சொல்கூடக் குறையவில்லை. இது எதுவும் பொன்செல்விக்குத் தெரியாது. கோப்பு மேலேதான் போகும், கீழே வராது. தினமும் காசிராஜனிடம் கேட்பாள். "ஜம்முனு போய்க்கிட்டிருக்கு மக்கா" என்பார்.

செவக்காட்டூரில் பஸ் நிற்கிற இடம் மோட்டார் ரூம் வாசல்தான். காலை ஏழு நாற்பது பஸ்ஸுக்கு அவள் நிற்கும்போது முத்துத்தாய் வால்வைத் திருகிக்கொண்டிருப்பாள். வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது கேட்டாள்.

"ஏட்டி பொன்செல்வி, நாலாம் நம்பரு வருதாமே. நான் எதும் திருத்தணுமா?"

பொன்செல்விக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து நின்ற பஸ்ஸில் உள்ளூர் ஆட்கள் நாலு பேர் ஜன்னலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குறிப்புல எல்லாம் வரும்க்கா. அதப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நீ எழுதுதல்லா. அது போதும்" என்றாள் முத்துத்தாய்.

வெளியீட்டு விழா கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. பொன்செல்விக்கு வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள், ஆறு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். நாலு மேளக்காரர்கள், வாழைமரம், மேடையில் பதினெட்டு நாற்காலி. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தினார். நாட்டில் எங்கெல்லாம் வேங்கை ஓடுகிறதோ அங்கெல்லாம் நான்காம் பதிப்பு தானாகவே இறங்கிக்கொண்டது. பிறகு சங்கரசுப்பு மைக்கைப் பிடித்தார்.

"சிலர் கேட்கிறார்கள், இந்தப் பதிப்பில் என்ன மாற்றம் என்று. பெருமையோடு சொல்கிறேன், ஒன்றுமே இல்லை! ஒரு மாற்றமும் இல்லாத ஒரு பதிப்பைக் கொண்டுவருவதற்கு நாற்பத்திரண்டு ஊழியர்கள் இரண்டு ஆண்டுகள் இரவு பகல் பாராமல் உழைத்திருக்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான் சவால் விடுவேன். ஆனால் பழைய பதிப்பு நம்மிடம் இல்லை. புதியது வந்ததும் பழையதை அழித்துவிடுவது நம் வாரியத்தின் தூய்மைக் கொள்கை!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. தொண்ணூற்றாறு பக்கம். வாழ்த்துரை, அணிந்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை, போட்டோ என்று முதல் தொண்ணூறு பக்கம். பொன்செல்வி பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தைப் பிரித்தாள்.

"நிறுத்து: செழுமைப்படுத்தப்பட்டது."

அவ்வளவுதான். கீழே "தயாரிப்பு: பொன்செல்வி" என்றும், அதற்குக் கீழே அவள் கையெழுத்தும்.

ஓடினாள். காசிராஜன் பந்தியில் இலை போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நான் எழுதுனது எங்க?"

"இருக்குல்லா மக்கா. நிறுத்துன்னு இருக்கு பாரு. அத எவனையும் தொட விடலயே நானு" என்றார் அவர்.

அவள் முத்துத்தாய்க்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்று பதினேழு தடவை போட்டாள். ஒரு மணிக்கு முத்துத்தாய் எடுத்தாள். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாளாம், போன் வரப்பில் சாப்பாட்டுக் கூடைக்குள் இருந்ததாம்.

"அக்கா, குறிப்பப் படிச்சியளா?"

"காலையிலயே நெட்டுல வந்துட்டுல்லா. வெளங்காதோன்னு பாத்தேன், ஒரே வரிதான். செழுமைன்னு போட்டிருந்த. செழுமைன்னா நல்லதுதானன்னு பத்து மணிக்கு மோட்டாரப் போட்டுட்டு வந்துட்டேன். ஏன்ட்டி, மூச்சு வாங்குது ஒனக்கு?"

"ஓடுங்கக்கா. மோட்டார் ரூமுக்கு ஓடுங்க."

முத்துத்தாய் ஓடினாள். தொட்டி வழிந்து தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது நின்றே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. போர்வெல் வற்றி, அறுநூறு அடி ஆழத்தில் மோட்டார் வெறும் காற்றை இழுத்து எரிந்துபோயிருந்தது. திரையில் மேலிருந்து கீழே வரைக்கும் "எடை: 0 கிலோ" என்று வரிசையாக நின்றது.

செவக்காட்டூருக்கு இரண்டு நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு நாலு குடம். லாரி வருகிற அன்று வேலைக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. விசாரணை முடிகிற வரைக்கும் மோட்டார் பக்கம் வரக்கூடாது என்று முத்துத்தாயிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். "படிச்சவன்னு நம்பிக் குடுத்தோம்" என்று பத்து வருடமாக அவள் திறந்துவிட்ட தண்ணீரைக் குடித்தவர்களே பேசினார்கள். பொன்செல்வி மறுநாளிலிருந்து ஊர்க் கோடியில் போய் பஸ் ஏறினாள். மோட்டார் ரூம் வாசலில் நிற்க அவளுக்கு முகம் இல்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு பிடிமானம் இருந்தது. கோப்பில் தன் முதல் எழுத்து இருக்கும், அண்ணாச்சி இருக்கிறார், விசாரணையில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

மூன்றாவது வாரம் விசாரணை. விசாரணை அதிகாரி யார் என்றால், சொல்லாய்வுக் குழுத் தலைவரேதான். அந்தச் சொல்லை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்பதால் அவரைப் போட்டிருந்தார்கள். முதலில் முத்துத்தாயைக் கூப்பிட்டார்.

"செழுமை என்றால் பொருள் என்ன என்று தெரியுமா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"ஆக, குறிப்பு உங்களுக்குத் தெளிவாகப் புரிந்திருக்கிறது. புரிந்த பிறகும் மோட்டாரை எரித்திருக்கிறீர்கள்." எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

பொன்செல்வி எழுந்தாள். "நான் எழுதுனது இது இல்ல ஐயா. நிக்காதுன்னு எழுதியிருந்தேன். எச்சரிக்கைன்னு எழுதியிருந்தேன். கோப்பப் பாருங்க."

கோப்பைப் பார்த்தார்கள். அதில் ஒரே ஒரு தாள் இருந்தது. "ஒரு பொருள், ஒரு கோப்பு, ஒரு தாள்" என்று சங்கரசுப்பு விளக்கினார். "முன்வடிவுகளை வைத்திருந்தால் எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும் ஐயா. இந்த வாரியத்தில் எழுத்து மாறியதே இல்லை. மாற்றம் நடந்தால் அதைக் குறிப்பில் எழுதுவது எங்கள் கடமை. குறிப்பில் மாற்றம் என்று எதுவும் இல்லை. ஆகவே மாற்றம் நடக்கவில்லை. நடந்திருந்தால் எழுதியிருப்போமே!"

"அருமை" என்றார் அதிகாரி. அடுத்துக் காசிராஜன் வந்து நின்றார். பொன்செல்வி அவரையே பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான் ஐயா, நான் குறை சொல்லமாட்டேன். ஆனா எச்சரிக்கைன்னு எதும் எழுதுனதா எனக்கு ஞாபகம் இல்ல. செழுமைங்கிற சொல்லு அவளாத் தேர்ந்தெடுத்ததுதான். நல்ல சொல்லாச்சேன்னு நாந்தான் பாராட்டுனேன்."

பொன்செல்விக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் கொண்டுவந்த டப்பாக்களைக் கழுவிக் கழுவித் திருப்பிக் கொடுத்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் தான் ஒரு முட்டாளாக இருந்திருக்கிறோம் என்பது அத்தனை பேர் முன்னால் தெரிந்தது அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

முடிவை அங்கேயே வாசித்தார்கள். மாற்றம் எதுவும் நிகழவில்லை. மாற்றம் இல்லாத சொல்லுக்குக் குறிப்பே தேவையில்லை. தேவையில்லாமல் "செழுமை" என்று எழுதி மக்களிடம் எதிர்பார்ப்பை ஏற்படுத்திய குறிப்பாளர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நிகழ்வின்போது "நிறுத்து" என்ற சொல் எடையைத் துல்லியமாகக் காட்டியது பாராட்டுக்குரியது.

படிக்கட்டில் காசிராஜன் பின்னாலேயே இறங்கி வந்தார். "அடுத்த மாசம் ரிட்டயர்டு மக்கா. இந்த நேரத்துல பெரியவர எதுத்துப் பேசிட்டு நான் எங்கன போவேன்? நீ சின்னப் புள்ள, ஒனக்கு ஆயிரம் வேலை கெடைக்கும்."

"நான் இருக்கேன்லான்னு சொன்னியளே அண்ணாச்சி."

"இப்பவும் இருக்கேன்லா. எதும் வேணும்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறிப் போனார். சந்துக்குள் வரிசையில் நின்ற ஒருவர், உள்ளே கையெழுத்து இன்றைக்கு வாங்குகிறார்களா என்று பொன்செல்வியிடம் கேட்டார். வாங்குகிறார்கள் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் முத்துத்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வந்த இடத்தில் டவுன் குழாயில் பிடித்த தண்ணீர் இரண்டு கேன்களில் காலடியில் இருந்தது. பொன்செல்வி பக்கத்தில் போய் நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"ஃபேனப் பாத்துக்கிட்டு நின்ன அந்தாளு பொய்யில்லா சொல்லுதான்" என்றாள் முத்துத்தாய். "நீ அப்படி எழுதுதவ இல்லன்னு எனக்குத் தெரியாதா? அங்கன வச்சே சொல்லணும்னு வந்தது. நம்ம பேச்ச எவன் எழுதப்போறான்னு விட்டுட்டேன்."

மூன்று வாரமாக வராத அழுகை பொன்செல்விக்கு அப்போது வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முத்துத்தாய் அழட்டும் என்று விட்டாள். ஒரு ராஜபாளையம் பஸ் வந்து போனது.

"ஒனக்கு எப்பந் தெரியும்?" என்று முத்துத்தாய் கேட்டாள்.

"எதுக்கா?"

"நிறுத்துன்னு போட்டா நிக்காதுன்னு."

பொன்செல்வி முகத்தைத் துடைத்தாள். "ஆடித் தபசுக்கு மறுநாள்."

முத்துத்தாய் விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டு மாசம். தெனமும் ஏங்கிட்ட நின்னுதான பஸ் ஏறுன?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு விதி இருந்துச்சுக்கா."

முத்துத்தாய் திரும்பி அவளை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நான் வெளியாளாட்டி?"

குருவிகுளம் பஸ் வந்தது. முத்துத்தாய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் இரண்டு தண்ணீர்க் கேன்களையும் தூக்கி வைத்துக்கொண்டாள். பொன்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே போனாள்.